வெட்டுப்புள்ளிக்கு முன்னால் கொளுத்திய பட்டாசு

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண் பிரேமினியைத் தனியாளாக்கியது யார் என்று கேட்டால் கூசாமல் சொல்வேன்: நாங்கள்தான். கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தின் இருபது வீடும் சேர்ந்து, முழு நல்லெண்ணத்தோடு, நாலு வருஷம் அந்த வேலையைப் பார்த்தோம்.

அவள் உயர்தர வகுப்பில் உயிரியல் பிரிவு எடுத்த அன்றைக்கே அவளை டாக்டராக்கிவிட்டோம். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் அந்தப் பிரிவில் படித்ததில்லை. அதனால் லயத்துக்கு ஒரு சட்டம் வந்தது. அவள் கதவைத் தட்டக் கூடாது. டீவிச் சத்தத்தைக் கூட்டக் கூடாது. திருவிழா, கல்யாணம், சடங்கு எதற்கும் அவளைக் கூப்பிடக் கூடாது. சட்டம் போட்டவள் நான். பிள்ளைமடுவத்தில் முப்பது குழந்தைகளை வைத்துப் பார்ப்பவளுக்கு இருபது வீட்டை அடக்குவதா பெரிய காரியம்?

அவளுடைய ஒரே கூட்டாளி சர்மிளா, குவைத்துக்கு வேலைக்குப் போகும் முன் சொல்லிவிட்டுப் போக வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

“புள்ள படிக்குது. பரீட்சை முடியட்டும், போன்ல பேசிக்க.”

“அஞ்சு நிமிசந்தான் அக்கா.”

“அஞ்சு நிமிசத்துல ஒரு கேள்வி போயிரும்டி.”

அவள் போய்விட்டாள். உள்ளே இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். லயத்துச் சுவரில் கேட்காதது எது?

முதல் தடவை பரீட்சையில் ஒரு சி, இரண்டு எஸ்; பாஸ்தான், டாக்டர் படிப்புக்குப் போதாது. இரண்டாம் தடவை மூன்றும் சி. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஹற்றனுக்கு வகுப்புக்குப் போவாள். கூடப் போனவர்கள் ஒவ்வொருவராக வேலை தேடிக்கொண்டார்கள். பரீட்சை மூன்று தடவைதான் எழுதலாம்; அந்தக் கடைசித் தடவைக்கு அவள் மட்டும் போய் வந்தாள். தகப்பனுக்குக் கொழும்பில் கடை வேலை. தாய் ராசம்மா காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்து முடிந்து பொழுது சாயத்தான் வருவாள். பகலில் அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும். பாடம் சொல்லிப் பார்க்கிறாள் என்று பெருமைப்பட்டோம். பேச ஆளில்லாமல் பிள்ளை தன்னோடு தானே பேசிக்கொண்டிருந்தாள் என்று ராசம்மா சொல்லித்தான் பின்னால் தெரிந்தது.

மூன்றாம் தடவை ஒரு ஏ, இரண்டு பி. அன்றே பட்டாசு கொளுத்தினோம், கோயிலில் வைத்து மாலை போட்டோம்.

“இன்னும் வெட்டுப்புள்ளி வரலக்கா. கொஞ்சம் பொறுங்க” என்று கெஞ்சினாள்.

யார் கேட்டோம்? ஏ வந்தால் டாக்டர் என்பது எங்கள் தீர்ப்பு. மாவட்டத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று சில மாதம் கழித்துத்தான் அறிவிப்பார்கள் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? மாலையோடு அவள் நின்ற படத்தில் அவளைத் தவிர எல்லோரும் சிரிக்கிறோம்.

வெட்டுப்புள்ளி வந்தது. மயிரிழையில் தவறிவிட்டது. வேறு படிப்புக் கிடைக்கலாம், மருத்துவம் இனி இல்லை.

அன்று பின்னேரம், நாலு வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்தக் கதவைத் தட்டினேன். ஆறுதல் சொல்லத்தான் போனேன். அவளோடு என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பிரேமினி அழவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். என் மடியில் இருந்த மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“எல்லாரும் பாப்பா பாப்பான்னுதான் கூப்புடுறீங்க. இவளுக்கு என்ன பேருக்கா வெச்சீங்க?”

என் மகளுக்கு மூன்று வயது. பேர் வைத்த அன்று, மாதிரிப் பரீட்சை வருகிறதே என்று, இடையில் ஒரு சுவர்தான் இருந்தும் நான் அவளைக் கூப்பிடவில்லை.

“தட்சிகா” என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.