‘நாம’ன்னா யாரு?

அன்புக்கரசியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அவள் புருஷன் மதிவாணன் மேல்தான் கோபம் வருகிறது. நல்ல மனுஷன்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, மைன்ஸில் நிலக்கரி பெல்ட் ஓடுகிற இடத்தில் அவரைப் பற்றி ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் நல்லவன் என்று பேர் எடுத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பாடு இருக்கிறதே, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. சொன்னால், உனக்கென்னம்மா குறைச்சல் என்பார்கள்.

நான் கமலா. பதினாறாவது பிளாக்கில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் தாளிப்பது என் மூக்குக்கு வரும், நான் போடும் சத்தம் அவள் காதுக்குப் போகும். அப்படித்தான் பழகினோம். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், அவள் இங்கே காடாம்புலியூர்க்காரி. அவள் அப்பா அம்மா முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போனவர்கள். இவள் பத்தாவது முடித்து, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை வாங்கினாள். காலையில் அங்கே பிள்ளைகளுக்கு உலை வைப்பாள், மத்தியானம் வீட்டுக்கு வந்து இன்னொரு உலை. மதிவாணனுக்கோ ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். இவள் கதவைப் பூட்டும்போது அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடுவார். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியாயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்து நான் பார்த்ததில்லை.

சுற்றுலா போகாதவர்கள் இல்லை. வருஷா வருஷம் கோடை லீவில் வேன் வரும். அவர் அக்கா மாரியம்மாள் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு வருவார். ஆண்கள் முன்னால் டிரைவர் பக்கம், பெண்களும் பிள்ளைகளும் பின்னால். கடைசி சீட்டில் அடுப்புக்கும் அண்டாவுக்கும் நடுவில் அன்புக்கரசி. போகிற இடமெல்லாம் புளியமரத்தடியில் இவள்தான் சோறு வடிப்பாள். சத்துணவில் சமைக்கிறவள்தானே, கைப்பழக்கம் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு நியாயம். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பஸ் ஓட்டுகிறவனை லீவு நாளில் கூப்பிட்டு, கைப்பழக்கம் இருக்கிறதே, ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டு என்று யாராவது சொல்வார்களா?

ஒருநாள் அவளிடம் கேட்டேன், இத்தனை தடவை சமயபுரம் போனாயே, கோயில் எப்படி இருக்கும் என்று.

“கோயிலு தெரியாது கமலாக்கா. பின்னாடி தண்ணிக் கொழாய் எங்க இருக்குதுன்னு கேளுங்க, சொல்றேன்” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2018 மே மாதம் அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். அந்தப் பொங்கலுக்கே அவள் சொல்லிவிட்டாள், இந்தத் தடவை நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம் என்று. வேன் கிடையாது, அடுப்பு கிடையாது. கவர்மெண்டு பஸ்ஸில் ரெண்டு பேர் உட்காருகிற சீட்டில், அவள் ஜன்னலோரம், பக்கத்தில் அவர். அவள் கேட்டது அவ்வளவுதான். அத்தனை வேன் பயணத்திலும் அவள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு என் அடுப்படியில் உட்கார்ந்து பேசிப் பேசியே பயணத் திட்டத்தைப் போட்டாள். போகிற வழியில் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு வெயில் தாழ்ந்துதான் போக வேண்டும், மே மாதக் கல் காலைப் பொசுக்கிவிடும். மறுநாள் அரண்மனை. அப்புறம் தரங்கம்பாடி, கடலோரத்தில் இருக்கிற டேனிஷ்காரன் கோட்டை. அங்கே ஒரு ராத்திரி தங்கினால்தான் காலையில் கடலைப் பார்க்கலாம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, அப்படியே ராமேஸ்வரம், கடைசியில் தனுஷ்கோடி. போன வருஷம்தான் கடல் முனை வரைக்கும் தார் ரோடு திறந்திருந்தார்கள், டிவியில் காட்டியதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

“கோயிலு சாயங்காலம், கடலு காலைல. இது மாறக்கூடாதுக்கா” என்பாள். ஷிஃப்ட் போடுகிற ஆபீசர்கூட இவ்வளவு கறாராகப் போடமாட்டார். மதிவாணனும் லீவு எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டார். அவருக்குப் புதுச் சட்டை, இவளுக்கு மணலில் நடக்க ஒரு ரப்பர் செருப்பு. எல்லாம் ஆயிற்று.

அப்போதுதான் அந்த மனுஷன் வாயைத் திறந்தார்.

வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது என்று அவர் எப்போதும் கொல்லைப்பக்கம் வந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாரியம்மாள்.

“லீவு போட்டுட்டியாமேடா, இன்னா விசேசம்?”

“ஒண்ணுமில்லக்கா. நாம தஞ்சாவூரு, தரங்கம்பாடி, ராமேஸ்வரம்னு ஒரு சுத்து போறம்க்கா.”

“நாமளா?”

“ஆமாக்கா.”

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. ‘நாங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். ‘நாங்க போறோம்’ என்றால் அக்கா, நல்லபடியா போய்ட்டு வாங்கடா என்று சொல்லி போனை வைத்திருப்பார். ‘நாம போறோம்’ என்றால் என்ன அர்த்தம்? பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்கிறவளையும் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டாயிற்று. அந்த அக்காவும் அப்பாவி மாதிரி இன்னொரு தடவை கேட்டாரே, அப்போதாவது உறைத்ததா?

இரண்டு நாளில் மாரியம்மாள் வந்து இறங்கினார். முகமெல்லாம் சந்தோஷம். வேன் பேசியாயிற்று, சம்பந்தி வீட்டிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அவரே பயணத்தையும் திருத்திப் போட்டார்.

“தஞ்சாவூர்ல நம்மளுக்கு ஒரு வேண்டுதலும் கெடையாது, அத வுட்டுடலாம். எம் பேரனுக்கு சமயபுரத்துல மொட்ட போட்டுகினு நேரா ராமேஸ்வரம். ஆமா, தரங்கம்பாடில இன்னா சாமி இருக்குது?”

“சாமி இல்ல அண்ணி. கோட்டதான் இருக்குது” என்றாள் அன்புக்கரசி.

“கோட்டைல போயி இன்னா கும்புட்றது?” என்று சிரித்துவிட்டு, “அந்தப் பெரிய அண்டாவ வெளக்கி வச்சிடும்மா” என்றார்.

மாரியம்மாள் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா போன பிறகு முந்திரிக்கொட்டை உடைத்துத் தம்பியை ஐடிஐ படிக்க வைத்தவர். கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல் இன்றைக்கும் வெளுக்கவில்லை. அந்த விரலைப் பார்த்தால் மதிவாணனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவர் ‘நாங்க’ என்று சொன்னதே கிடையாது. ‘நாங்க’ என்றால் அதில் அக்கா இல்லையே.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. ஒட்டுக்கேட்க வேண்டிய அளவுக்கு அவள் மெதுவாகப் பேசவில்லை.

“நாமன்னா யாரு?”

“வாய் தவறி வந்துட்சிம்மா.”

“தவறி வரல. உங்க வாய்க்கு அது ஒண்ணுதான் தெரியும். இருபத்தஞ்சி வருசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ‘நாங்க’ன்னு என்னையும் உங்களையும் சேத்து யார்கிட்டயாவது சொல்லிகிறீங்களா?”

“அவ என்னப் படிக்க வச்சவ…”

“நான் இல்லன்னு சொன்னனா? காலத் தொட்டுக் கும்புட்றேன். வருசா வருசம் வேன்ல ஏறி ஆக்கிப் போடல? போன் போட்டு ‘அக்கா, நாங்க ரெண்டு பேருதான் போறோம்’னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க.”

கொல்லைக் கதவு திறக்கவில்லை. அவர் போனைக் கையில் எடுத்திருப்பார், மறுபடி வைத்திருப்பார். எனக்குத் தெரியாதா அந்த ஆளை?

அதற்குப் பிறகு அவள் கத்தவே இல்லை. அண்டாவை மட்டும் விளக்கினாள். தேய்த்த தேய்ப்பில் ஓட்டை விழுந்திருக்க வேண்டும், கெட்டி அண்டா, தப்பித்தது.

வேன் விடியற்காலையில் எங்கள் தெருவுக்குள் வந்து ஹாரன் அடித்தது. பாட்டுச் சத்தம், பிள்ளைகள் சத்தம். அன்புக்கரசி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து பின்பக்கம் ஏற்றினாள். கரண்டி, புளிக்காய்ச்சல் வாளி, அரிசி மூட்டை, எல்லாவற்றையும் ஏற்றினாள். மதிவாணன் புதுச் சட்டையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவர் பை மேலே கேரியரில் ஏறியிருந்தது. அவள் திரும்பி வந்து கேட்டை உள்பக்கமாகச் சாத்தினாள்.

“ஏறும்மா, நேரமாவுது” என்றார் மாரியம்மாள்.

“நீங்க போய்ட்டு வாங்க அண்ணி. நான் வரல.”

உடம்பு சரியில்லையா என்று ஒருத்தி, வீட்டுக்குத் தூரமா என்று ஒருத்தி. அவள் மதிவாணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷன் இறங்க ஒரு காலைக் கீழே வைத்தார். டிரைவர் நேரமாகிறது என்று ஹாரனை அழுத்தினான். வைத்த காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். வேன் போய்விட்டது. நான் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், வேலி தாண்டி நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அவள் உள்ளே போய்ப் பையோடு வெளியே வந்தாள். காலில் அந்த ரப்பர் செருப்பு. “தஞ்சாவூருக்குப் போறேன் கமலாக்கா” என்றாள்.

“இரு, நானும் வர்றேன். தனியா எப்படிப் போவே?”

“நீங்க வந்தா அதுவும் ‘நாம’ ஆயிடும்க்கா. வேணாம்.”

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் பையை வாங்கிக்கொண்டு டவுன்ஷிப் வாசலில் இருக்கிற ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனேன்.

அங்கே போனால் அந்த வேன் நிற்கிறது! வழக்கமாகப் பயணம் கிளம்புகிறவர்கள் நிற்கிற இடம், ரோட்டோரப் பிள்ளையார் முன்னால். கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் பையோடு நிற்கிற இவளை மாரியம்மாள்தான் முதலில் பார்த்தார். ரோட்டைக் கடந்து வேகமாக வந்தார், பின்னாலேயே மதிவாணன்.

“இன்னாம்மா இது? வரலன்ட்டு எங்க கெளம்பிகினு இருக்கற, தனியா?”

அன்புக்கரசி ரோட்டைப் பார்த்தாள். தஞ்சாவூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

“டேய், நீயாவது சொல்லுடா. இன்னாடா நடக்குது?”

மதிவாணன் அக்கா கையைப் பார்த்தார், பெண்டாட்டி கையிலிருந்த பையைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது, அவள் ஏறிவிட்டாள்.

“அக்கா” என்றார். “நாங்க பஸ்ல போறோம்க்கா.”

“நாங்களா?”

“ஆமாக்கா. நாங்க.”

மாரியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் சிவந்தது. “இத அன்னிக்கே சொல்றதுக்கு உனுக்கு இன்னாடா கேடு? நீ கூப்ட்டன்னுதான ஊரக் கூட்டிகினு வந்தேன்! என்னை இத்தினி பேரு முன்னாடி நிக்க வச்சிட்டியேடா!” என்று கத்தினார். அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. திரும்பி வேனைப் பார்த்து, “அவன் பையத் தூக்கிக் கீழ போடுங்கடா” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். பை ரோட்டில் வந்து விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மதிவாணன் ஓடி வந்து ஏறினார்.

நான் ஜன்னலுக்குக் கீழேயே நின்றிருந்தேன். ரெண்டு பேர் சீட்டு, அவள் ஜன்னலோரம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் திரும்பவில்லை. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது, இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

“எத்தன டிக்கெட்?” என்றார் கண்டக்டர்.

“எனக்கு ஒண்ணு தஞ்சாவூரு. அவர அவரயே கேளுங்க” என்றாள்.

“ரெண்டு குடுங்க சார்” என்றார் மதிவாணன் அவசரமாக. “நாங்க ஒண்ணாத்தான் போறோம்.”

அவள் வெளியே என்னைப் பார்த்தபடியே அவரிடம் சொன்னாள்:

“இன்னொரு வாட்டி சொல்லுங்க.”