முதல் இடத்தில் நின்ற உப்புத் தண்ணீர்

மகாலட்சுமி மதினி எங்கள் அண்ணன் மாரிசெல்வத்தைக் கட்டிக்கொண்டு கம்பத்துக்கு வந்தபோது, அவருக்குத் திராட்சையைத் தின்ன மட்டும்தான் தெரியும். பிறந்து வளர்ந்தது அல்லிநகரம். அங்கே ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குத் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எங்களுக்கு பஜார் முடிகிற இடத்தில் ஓர் உரக்கடை. உரம், விதை, பூச்சி மருந்து எல்லாம் உண்டு. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது. அதனால் இங்கே எழுதுகிற எல்லாமே என் கண் முன்னால் நடந்தது.

கடைக்கு வருகிற விவசாயிகள் கேட்கிற கேள்விகளை மதினி கவனித்துக்கொண்டே இருப்பார். இலையில் சாம்பல் பூத்தால் என்ன அடிப்பது, கொடியை வெட்டிவிடுகிற கவாத்து எப்போது செய்வது, பழம் வெடிப்பது ஏன். அண்ணன் சொல்கிற பதில்களைக் கடைக் கம்ப்யூட்டரில் தட்டி வைத்தார். 2009 கடைசியில் அதையே ஒரு வலைப்பூவாக ஆரம்பித்தார். பெயர் ‘கொடிப்பந்தல்’.

யாரும் படிக்கவில்லை. கவாத்தைப் பற்றித் தான் எழுதியதை மதினியே இணையத்தில் தேடிப் பார்த்தார். பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

“நான் எழுதுனது எனக்கே அகப்பட மாட்டேங்குது தம்பி, மத்தவுகளுக்கு எங்கிட்டு அகப்படும்?” என்றார்.

அதன் பிறகு அதிலேயே இறங்கிவிட்டார். தேடுபொறியில் முன்னால் வருவது எப்படி என்று தமிழில் எழுதியிருந்த ஓரிரு பதிவர்களைத் தேடிப் படித்தார். முதலில் அவருக்குப் புரிந்தது தலைப்பு. கவாத்துப் பதிவுக்கு அவர் வைத்திருந்த தலைப்பு ‘ஒரு சிறு முயற்சி’. எந்த விவசாயி அப்படித் தேடுவான்? அதை ‘திராட்சைக்குக் கவாத்து செய்வது எப்படி’ என்று மாற்றினார். தேடுகிறவர் தட்டும் சொற்களையே முதல் வரியிலும் எழுதினார். படங்களுக்கு எண்களாக இருந்த பெயர்களை மாற்றி ‘பன்னீர் திராட்சை’ என்று வைத்தார்.

அடுத்தது இணைப்பு. வேறு தளங்கள் நம் பக்கத்துக்கு வழி காட்டினால் தேடுபொறி நம்மை மதிக்கும் என்று படித்ததும் மதினிக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஏனென்றால் எங்கள் பக்கம் செய்முறை என்று ஒன்று உண்டு. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய்ச் செய்தால், நம் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வந்து திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உறவு அறுந்துவிடும்.

“அதே கணக்குத்தாங்க,” என்று அண்ணனிடம் சொன்னார். “நம்ம நாலு பேரு பதிவுக்குப் போயி பின்னூட்டம் போட்டா, அவுக நம்ம பக்கம் வருவாக. நம்ம அவுகளுக்கு இணைப்புக் குடுத்தா அவுக நமக்குக் குடுப்பாக.”

“அப்ப பின்னூட்டந்தான் மொய்யாக்கும்? காது குத்துக்கு எம்புட்டு, கல்யாணத்துக்கு எம்புட்டு?”

“கேலி பண்ணாதீக. நீங்க சொந்தக்காரவுக வீட்டுக்குப் போயி மொய் எழுதிட்டு சாப்பிடாமக்கூட ஓடியாறீக. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறேன்.”

சமையல் எழுதுகிறவர், கவிதை எழுதுகிறவர், அரசியல் பேசுகிறவர் என்று எல்லார் பக்கத்துக்கும் மதினி போய் ‘அருமை’ என்று எழுதினார். அவர்களும் வந்து ‘அருமை’ என்று எழுதிவிட்டுத் தங்கள் பக்கத்தின் ஓரத்தில் ‘கொடிப்பந்தல்’ என்று போட்டார்கள். கவாத்துப் பதிவு மூன்றாம் பக்கத்துக்கு வந்தது, பிறகு முதல் பக்கத்துக்கு. அன்று மதினி கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று அவர்களுக்குப் புரியவில்லை.

வந்துபோகிறவர்களை எண்ணிக் காட்டுகிற கவுண்டர் ஒன்றை வலைப்பூவில் பொருத்தியிருந்தார். என்ன சொற்களைத் தேடி வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அது காட்டும். அதில் ஒருநாள் ‘பூச்சி மருந்து வாயில் போனால் என்ன செய்வது’ என்று இருந்தது. பிறகும் ஒன்றிரண்டு முறை அதே மாதிரி. தேடுகிறார்கள், ஆனால் அதைப் பற்றி யாரும் தமிழில் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதாததை எழுதினால் சுலபமாக முதலில் வரலாம் என்று மதினி படித்திருந்தார். உட்கார்ந்து எழுதினார்.

என்ன எழுதினார்? எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மருந்து அடிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்ததை எழுதினார். உப்பை நிறையக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும். எங்கள் அம்மா சோணையம்மாளும் அதைத்தான் சொன்னார். கடைக்கு வந்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. கீழே தன் செல்போன் எண்ணையும் போட்டார். வழக்கம்போல் ‘அருமை’, ‘பயனுள்ள பதிவு’ என்று வந்தன. பத்துப் பதினைந்து பேர் இணைப்புக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பதிவு முதல் இடத்தில் நின்றது.

“நம்ம கடை பஜார்லயே கடேசிக் கடை. நீ உலகத்துக்கே மொத ஆளா நிக்கிற,” என்றார் அண்ணன். மதினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு முற்பகல், கடையில் கூட்டமாக இருந்தபோது மதினியின் போன் அடித்தது. பேசியவன் சத்தமாகப் பேசியதால் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“கொடிப்பந்தல் மகாலட்சுமிங்களா? நான் கோயம்புத்தூர்ல ஆபீஸ்ல இருந்து பேசுறேங்க. எங்க அக்கா பையன், நாலு வயசு, ஊர்ல தோட்டத்துல இருந்த மருந்தைக் குடிச்சுட்டானாம். நான்தான் நெட்ல பார்த்துச் சொன்னேன். உங்க பக்கம்தான் முதல்ல வந்துச்சு. உப்புத் தண்ணி ரெண்டு சொம்பு குடுத்துட்டாங்க. வாந்தி வரலை. இன்னும் எவ்வளவு குடுக்கணும்?”

மதினி கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

“ஹலோ? எவ்வளவு குடுக்கணுங்க?”

மதினி போனைக் காதில் வைத்தபடியே கடையை விட்டு இறங்கி ஓடினார். காலில் செருப்பில்லை. நாலு கடை தள்ளி ஒரு டாக்டரின் கிளினிக். காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே போய், போனை டாக்டர் கையில் திணித்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

டாக்டர் கேட்டுவிட்டுக் கத்தினார். “ஒண்ணுமே குடுக்காதீங்க! வாந்தி எடுக்க வைக்காதீங்க! பையனைத் தூக்கிட்டு இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொல்லுங்க. மருந்து டப்பாவைக் கையில எடுத்துட்டுப் போகணும். போனை வைங்க, உங்க அக்காவைக் கூப்பிடுங்க!”

போனைத் திருப்பிக் கொடுத்தவர் மதினியைப் பார்த்தார். “யாரும்மா இப்படி உப்பைக் கரைச்சுக் குடுக்கச் சொன்னது? வாந்தி நெஞ்சுக்குள்ள போனா நுரையீரல் போயிரும். சின்னப் புள்ளைக்கு அவ்வளவு உப்பே விஷம்.”

“நாந்தான் சார்,” என்றார் மதினி.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கடைக்குத் திரும்பியதும் மதினி முதல் வேலையாக அந்தப் பதிவை அழித்தார். பின்னூட்டங்களில் ஒன்றை எனக்குக் காட்டிவிட்டுத்தான் அழித்தார். ‘மிக அருமை, தொடருங்கள்’ என்று எழுதியவர் வெளியூரில் டாக்டராக இருக்கிற ஒரு பதிவர். பதிவைத் திறந்துகூடப் பார்க்காமல் செய்முறை செய்திருக்கிறார்.

பிறகு தேடிப் பார்த்தார். பதிவு இல்லை, ஆனால் தேடல் பக்கத்தில் அது முதல் இடத்திலேயே நின்றது. தலைப்புக்குக் கீழே இரண்டு வரிகளும் தெரிந்தன: ‘உப்பை நிறையக் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும்.’

“அழிச்சுட்டேனே பாண்டி! இதென்ன இன்னும் நிக்கிது?” என்று என்னைக் கேட்டார்.

அதை அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்றுதான் வந்தது. ஆனால் யார் அழுத்துவார்கள்? பதறுகிறவர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு ஓடுவார். மறுநாளும் அது நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. தேடுபொறி மறுபடி வந்து பார்க்கிறவரை பழைய வரிகள் அப்படியே இருக்குமாம். மதினி சோறு தின்னவில்லை. கோயம்புத்தூர்க்காரனைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

கடைசியில் அவனே கூப்பிட்டான்.

“பையன் பிழைச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டான்.”

மதினி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனார். அவன் விடவில்லை.

“ஒண்ணு கேக்கணும். ஏங்க அந்தப் பக்கத்தை நீங்க இன்னும் எடுக்கலை? எங்க பையன் போயிருந்தாத்தான் எடுப்பீங்களா?”

“எடுத்துட்டேங்க. சத்தியமா அன்னிக்கே எடுத்துட்டேன்.”

“இப்பத்தான் பார்த்தேன். முதல்லதான் இருக்கு.”

தேடினோம். தேடல் பக்கத்தில் கொடிப்பந்தல் காணாமல் போயிருந்தது. அது நின்ற இடத்தில் பேர் தெரியாத வேறொரு தளம். உள்ளே மதினியின் பதிவு, ஓர் எழுத்து மாறாமல். ‘எங்கள் கம்பம் பக்கம்’ என்ற வரிகூட அப்படியே இருந்தது. யாரோ எப்போதோ நகலெடுத்துப் போட்டிருக்கிறார்கள். மதினியின் பதிவு விலகியதும் அது மேலே ஏறிவிட்டது. அழிக்கச் சொல்லி மதினி எழுதினார். பதில் இல்லை. அந்தத் தளத்தில் போன் எண்ணும் இல்லை.

“நீதான் எடுத்துட்டேல்ல. பெறகு எவன் போட்டா நமக்கென்ன?” என்றார் அண்ணன்.

“என்னங்க இப்படிச் சொல்றீக? நான் எறங்குனதாலதான் அது ஏறிருக்கு. நான் மறுபடி மேல போனாத்தான் அது கீழ போகும்.”

மதினி டாக்டரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து புதிதாக எழுதி, கீழே தன் எண்ணையும் போட்டார். ஆனால் புதுப் பதிவுக்குப் புது முகவரி. பழைய இணைப்புகள் எல்லாம் இல்லாத பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றை மாற்ற வேண்டுமென்றால் இணைப்புக் கொடுத்த ஒவ்வொருவரிடமும் காரணம் சொல்ல வேண்டும். மதினி சொன்னார். ‘நான் எழுதியது தவறு. ஒரு குழந்தை சாகப் பார்த்தது. தயவுசெய்து இணைப்பை மாற்றுங்கள்’ என்று தன் பெயரிலேயே எழுதினார். சிலர் உடனே மாற்றினார்கள். ஒருவர், ‘முதல் இடம் போனதற்கு இப்படி ஒரு நாடகமா?’ என்று பின்னூட்டம் போட்டார். அதைப் படித்த அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“யாருடி இவன்? இவனுக்கு நீ எம்புட்டு மொய் வச்சிருப்ப! அத்தனையும் திருப்பிக் கேளு.”

மதினி சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கே மறுபடி எழுதினார். ‘நாடகம் என்றே இருக்கட்டும். இணைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள்.’ அவரும் மாற்றினார். அந்த வெளியூர் டாக்டர் கடைசிவரை பதில் போடவில்லை.

புதுப் பதிவு ஐந்தாம் இடம், மூன்றாம் இடம் என்று ஏறி, ரொம்ப நாள் இரண்டாம் இடத்திலேயே நின்றது. அந்த நகல் மேலே உட்கார்ந்திருந்தது. காலையில் கடையைத் திறந்ததும் மதினி அதைத்தான் பார்ப்பார். ஆடி பிறந்து சில நாள் கழித்து, ஒருநாள் பார்த்தபோது நகல் கீழே இருந்தது.

நான் கை தட்டினேன். மதினி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவுண்டரைத் திறந்தார். சற்று முன்னால்தான் யாரோ அதே சொற்களைத் தேடி வந்திருந்தார்கள். எந்த ஊர் என்று சரியாகத் தெரியவில்லை. அவர்கள் அந்தப் பதிவில் இருந்த நேரம் ஆறு வினாடி.

“ஆறு வினாடியா? படிக்கவே இல்லியே மதினி. உடனே போய்ட்டாகளே,” என்றேன். வந்தவர்கள் உடனே போனால் பக்கம் நன்றாக இல்லை என்று அர்த்தம் என அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

மதினி புதுப் பதிவைத் திறந்து அதன் முதல் வரியைக் காட்டினார். ‘இதைப் படித்துக்கொண்டு இருக்காதீர்கள். எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.’

“இதப் படிக்க ஆறு வினாடி போதும்ல தம்பி?” என்று கேட்டார். “போதும் மதினி,” என்றேன். அன்று முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அது அடிக்கவில்லை.