ரசமட்டம் மாமாவின் ஓடையடுப்பு

என் மாமா கொத்தனார். கோணலான எதைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும். சட்டைப் பையில் எப்போதும் மட்டம் பார்க்கும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். மேசைமேல் வைப்பார், அலமாரிமேல் வைப்பார். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த அத்தையின் நெற்றியில் நான் வைத்தேன், பழி அவர்மேல் விழுந்தது. ஊருக்கே அவர் ரசமட்டம்தான்.

வீட்டில் தரிக்க மாட்டார். விடுமுறை வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைமேல் போகும் நெடும்பாதைக்குக் கிளம்பிவிடுவார். வாரக்கணக்கில் நடப்பவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிப் போகும் பாதை அது. ஓடைக்கரையில் ஆளாளுக்கு நாலு கல்லை வைத்து நெருப்பு மூட்டி, புல்தரை முழுக்கக் கரித்திட்டாக்கி வைத்திருந்தார்கள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அடுப்பு இருந்தால் ஒரே இடம்தானே கருகும் என்று, சிமென்ட் இல்லாமல் கல்லோடு கல்லைக் கவ்வவிட்டு ஒன்று கட்டினார். புகைபோக்கிகூட உண்டு. காலமெல்லாம் அடுத்தவன் வரைபடத்துக்குச் சுவர் எழுப்பிய மனுஷன் சொந்தமாக யோசித்துக் கட்டியது அது ஒன்றுதான்.

வினையும் அங்கேதான். அடுப்பு அவ்வளவு நன்றாக எரிந்தது. கேள்விப்பட்டுக் கூட்டம் வந்தது. தாண்டிப் போகவேண்டியவர்களும் அங்கேயே தங்கினார்கள். கைக்கு எட்டிய கிளையெல்லாம் விறகானது. புல் போய் மரத்தின் வேர் வெளியே வந்தது.

வனக்காவலர் ஒரு பெண்மணி. மாமாவைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, உங்க அடுப்புல ஒரு குறையும் இல்ல. அதான் பிரச்சினை. அது இருக்கிற வரைக்கும் அந்தக் கரை பொழைக்காது. கடப்பாரையோட ஆள் அனுப்பவா?"

"வேணாம்மா. நானே பிரிச்சிடறேன்."

சொன்னாரே தவிர, அந்த வாரம் முழுக்க ஓர் இடத்தில் நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து ஜன்னலைத் திறப்பார். உட்கார்ந்ததும் மூட எழுவார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை, ஆனா மட்டம் பாத்துக் கட்டியிருக்கார்" என்றேன். அவர் முறைக்கக்கூட இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அவர் அடுப்பைப் பிரிக்கப் புறப்பட்ட அன்று நானும் கூடவே கிளம்பினேன்.

ஓடைக்கரையில் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கடிக்காது மாமா, தொடுங்க."

"வாயை மூடுடா, வாலு."

மேலிருந்து பிரித்தார். கரி பிடித்த பக்கம் மண்ணைப் பார்க்க, ஒவ்வொரு கல்லையும் தள்ளித் தள்ளிப் போட்டார். சாம்பலை நான் பையில் கட்டினேன். அப்போது முதுகில் மூட்டையோடு இரண்டு பேர் வந்தார்கள்.

"அண்ணே, இங்க பிரமாதமா ஒரு அடுப்பு இருக்காமே?"

"அப்படி எதுவும் இல்லீங்களே" என்றார் மாமா, புகைபோக்கிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு. "மேல பாறைத்தரை இருக்கு, கூடாரத்தை அங்க போடுங்க. கேஸ் அடுப்பு வெச்சிருக்கீங்கல்ல, அதுலயே சமைச்சுக்குங்க."

இறங்கும்போது சட்டென்று நின்றார்.

"உன் பை இடப்பக்கமா சாயுது."

"இல்லியே."

"டேய்."

எடுத்துக் கொடுத்தேன். அடுப்பு வாயின் வளைவுக் கல். வீட்டில் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கலாம் என்று சுருட்டியிருந்தேன். உள்ளங்கையால் துடைத்தார்.

"இது ஓடையோடது" என்று திரும்பி நடந்தார்.

அடுப்புக் கட்ட அதை முதலில் பெயர்த்தெடுத்த குழி ஓடையோரம் இன்னும் மூடாமல் கிடந்தது. வைத்தார். ஆடியது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது; எதையும் எடுக்காமல் இறங்கியது.

"கொஞ்சம் கோணலா இருக்கே மாமா?"

"இருக்கட்டும்" என்றார். ஆனால் பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்.