வில்சனும் இருபத்தொரு பிளேடும்

வில்சன் கையால் ஓர் ஆணி நேராக இறங்கியதைப் பார்த்தவர் எவரும் காரைக்கால் தலத்தெருவில் இன்று உயிரோடு இல்லை. பார்க்காமலே செத்துப்போனவர்கள்தான் அதிகம். மனுஷன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர். சூப்பர்வைசர் வேலை என்றால், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்தவன் செய்கிற வேலையில் நொட்டை சொல்வது. முப்பது வருஷம் முதுகுப் பக்கமே குடியிருந்த அந்தக் கைகள், ரிட்டையர் ஆன மறுநாள் முன்னால் வந்து, எங்களுக்கும் வேலை கொடு என்று கேட்டதுதான் அந்த வீட்டைப் பிடித்த சனியன்.

அவர் தொட்டு எது கெட்டாலும், தப்பு அந்தப் பொருளுடையது. சைக்கிளிலிருந்து விழுந்தால் ரோடு சரியில்லை. பெயிண்ட் வழிந்தால் சுவர் சரியில்லை. ஒரு தடவை சவரம் செய்யும்போது காதை வெட்டிக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியை விற்ற கடைக்காரனைத் தெருமுனை வரை கேட்கத் திட்டினார்.

இந்த மகாராசன்தான் ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கினார். கூரியரில் வந்தது. தையல் மெஷின் மாதிரி மேஜைமேல் உட்காரும். ஊசிக்குப் பதில் நூல் போல மெல்லிய ரம்பப் பிளேடு ஒன்று மேலும் கீழும் குதிக்கும். பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் பூ, கொடி, எழுத்து எதை வேண்டுமானாலும் வெட்டலாம். வில்சன் வீடியோக்களைப் பார்த்தார். எல்லாவற்றையும் பாதி வரைதான் பார்த்தார். மீதிப் பாதி தனக்கே தெரியும் என்பது அவர் எண்ணம்.

மெஷின் வந்த வாரம்தான் மச்சான் அடைக்கலராஜ் பிரான்சிலிருந்து வந்திறங்கினார். வில்சன் பொண்டாட்டி ஜோஸ்பினுக்குக் கூடப் பிறந்த அண்ணன். அடுத்த தெருவில் புது வீடு கட்டி, செத்துப்போன அம்மா பெயரை வைத்திருந்தார்: 'இசபெல்லா இல்லம்'. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து வீட்டை மந்திரிக்கிறார். வாசல் போர்டு மட்டும் பாக்கி.

"லேசர்ல வெட்டுற கடை ஒண்ணு இருக்காம் மாப்ள. இன்னிக்கிச் சொன்னா சனிக்கெழம வந்துரும்" என்றார் அடைக்கலராஜ், மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி.

"லேசரா? மாமியார் பேர லேசர்ல பொசுக்கறதா? நல்லா இருக்கு மச்சான் ஒங்க பாசம். நான் வெட்டித் தரேன்."

"நீயா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"இருக்கு. கல்யாணத்தன்னிக்கி மோதிரத்த எந்த வெரல்ல போடறதுன்னு ஃபாதர்தான அந்தக் கையப் புடிச்சிக் காட்டுனாரு."

"ஞாயித்துக்கெழம காலைல வாசல்ல போர்டு தொங்கும். தொங்கலன்னா என் பேரு வில்சன் இல்ல."

"பேர மாத்திக்கலாம் மாப்ள, அது ஒண்ணும் பெரிசு இல்ல. எங்கம்மா வீட்டு வாசல் மொட்டையா நிக்குமே, அதுக்கு என்ன பண்றது?"

ஜோஸ்பின் இரண்டு பேரையும் பார்த்தாள். அம்மா பெயர் விஷயம். ஆனாலும் அண்ணன் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "அவரு செய்வாரு அண்ணே" என்று சொல்லிவிட்டாள். லேசர் கடைக்கு யாரும் போன் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. பிளேடைத் துணி காயப்போடும் கொடி மாதிரித் தொளதொளவென்று மாட்டினார். அது போன போக்கில் பலகை போனது. 'இ' என்று வெட்டியதைக் கொண்டுவந்து காட்டினார்.

"இது என்னங்க, எறாலா?" என்றாள் ஜோஸ்பின்.

"பலகை சரியில்ல."

மறுநாள், தொளதொளப்புதான் காரணம் என்று முறுக்கினார். வீணைத் தந்தி பிச்சை வாங்கவேண்டும், அப்படி ஒரு முறுக்கு. சுவிட்சைப் போட்டதும் டங்! பிளேடு இரண்டாகப் போய், ஒரு துண்டு காலண்டரில் குத்தி நின்றது. பிறகு அளவாக முறுக்கினார், அப்போதும் டங். மெதுவாகத் தள்ளினார், டங். வேகமாகத் தள்ளினார், டங் டங். பலகை வேறு, சட்டியில் போட்ட உயிர் நண்டு மாதிரித் துள்ளியது. அதை அமுக்கிப் பிடித்துப் பிடித்து வில்சனின் பல்செட்டே ஆட்டம் கண்டது. ஒரு பாக்கெட்டில் பன்னிரண்டு பிளேடு. இரண்டு பாக்கெட் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது உடைந்தது இருபத்தொன்று. மிச்சம் மூன்றே மூன்று. அதுவரை கம்பெனி, கரண்டு, கடல்காற்று, பலகை செய்த மரம், அந்த மரத்தை நட்டவன் எல்லோரும் குற்றவாளிகள். வில்சன் மட்டும் நிரபராதி.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மச்சானின் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது. அது காரைக்காலோடு நிற்கிற சிரிப்பும் இல்லை. விமானம் ஏறிப் பாரீஸ் போய், அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் பத்து வருஷத்துக்கு ஓடும்.

சனிக்கிழமை காலை ஜோஸ்பினைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கம் நீ அமுக்கிப் புடி. அந்தப் பக்கம் நான் புடிக்கறேன்."

கொடுவா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டு வந்து பிடித்தாள். சுவிட்சைப் போட்டதும் பலகை இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! தூளு ஏன் மேல வருது?"

"வெட்டுனா தூளு வரும். இது ஒரு கேள்வியா?"

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். மாட்டியிருந்த பிளேடை ஒரு விரலால் மெல்லத் தடவினாள். கீழிருந்து மேலே போனபோது வழுக்கியது. மேலிருந்து கீழே வந்தபோது விரலைப் பிடித்து இழுத்தது. முப்பது வருஷமாக மீனை எந்தப் பக்கம் தடவினால் செதில் குத்தும் என்று தெரிந்த விரல் அது.

"என்னங்க, பல்லு மேல பாத்து நிக்கிது."

"மேலதான் பாக்கணும்! நம்ம அரிவாமனை மூக்குல தேங்கா துருவி இருக்குல்ல, அதோட பல்லு எங்க பாக்குது? மேல! பாத்துட்டுதான மாட்டுனேன்."

ஜோஸ்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தேங்காய நான் மேலேந்து வச்சி அமுக்கறேன். அதான் அங்க பல்லு மேல. இங்க பிளேடு மேல ஏறறப்ப பலகையையும் கவ்விகிட்டுல்ல ஏறுது. எறங்கறப்ப அத மேசையில போட்டு அறையிது. ஒடையாம கொஞ்சுமா?"

"ஒனக்கு மெஷினப் பத்தி என்னடி தெரியும்? போ. போயி ஒட்டறதுக்குப் பசை வாங்கிட்டு வா."

வீட்டில் பசை இரண்டு டப்பா இருந்தது. அவளுக்கும் தெரியும். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெரு திரும்புகிற வரை ஜன்னலில் பார்த்துவிட்டு, வில்சன் திருடன் மாதிரி வந்து பிளேடைக் கழற்றித் தலைகீழாக மாட்டினார்.

நுங்கில் நகம் இறங்குவது போல இறங்கியது. பலகை பெட்டிப் பாம்பாகக் கிடந்தது. தூள் கீழே கொட்டியது. 'இ' வந்தது, 'ச' வந்தது. 'ல்ல' சுழிக்குத் துளை போட்டு, பிளேடின் மேல் முனையை மட்டும் கழற்றி அதற்குள் நுழைத்து வெட்டினார். ஒரே பிளேடு கடைசி எழுத்து வரை தாங்கியது.

"சரியாயிருச்சா?" என்றாள் திரும்பி வந்தவள்.

"இந்த ஒரு பிளேட மட்டும் கம்பெனிக்காரன் ஒழுங்கா செஞ்சிருக்கான்" என்றார் வில்சன். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க அதைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் பத்திரமாகச் சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டு, வாசலில் நின்று போர்டையே பார்த்தார். "அருமை. கடையில வாங்குனதா?" என்றார்.

"எங்க மாப்ள வெட்டுனது ஃபாதர்" என்றார் அடைக்கலராஜ். "ஒத்துக்கறேன் மாப்ள. எங்கம்மா பேரு அழகா இருக்கு."

அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் வில்சன் ஜெயித்திருப்பார். முப்பது வருஷ சூப்பர்வைசர் வாய், மூடுமா?

"இதுல ஒரு நுணுக்கம் இருக்கு மச்சான். பிளேடு பல்லு கீழ பாத்து நிக்கணும். கம்பெனிக்காரனுக்கே தெரியாது. நானா கண்டுபுடிச்சேன். வாங்க, காட்டறேன்."

ஃபாதர் உட்படப் பதினைந்து பேர் அடுத்த தெருவுக்கு ஊர்வலம் போனார்கள். பிரியாணி அண்டாவை மூடிவிட்டு ஜோஸ்பினும் பின்னால் போனாள்.

வில்சன் எண்ணெய்த் துணியைப் பிரித்துப் பிளேடை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மச்சான் வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தார். நூல் மாதிரிப் பிளேடில் மணல் மாதிரிப் பல். அவர் கண்ணுக்கு அது வெறும் நூல். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பதினைந்து பேர் காத்திருந்தார்கள். சட்டென்று ஒரு பக்கமாக மாட்டி, ஒரு பலகையை வைத்து, சுவிட்சைப் போட்டார்.

பலகை எழும்பி இரண்டு குதி குதித்தது. மூன்றாவது குதியில் அடைக்கலராஜின் பிரெஞ்சு ஷூவில் வந்து இறங்கியது. டங்!

"என்ன மாப்ள? கம்பெனியா, கரண்டா?"

வில்சன் அடுத்த பிளேடை எடுத்தார். அதையும் இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் மாட்டாமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேர்வை மூக்கு நுனியில் தொங்கியது.

"ஜோஸ்பின்" என்றார். சுருதி இறங்கியிருந்தது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிளேடை வாங்கி ஒரே ஒரு தடவு தடவி, திருப்பி மாட்டினாள்.

"அப்ப கண்டுபுடிச்சது யாரு?" என்றார் அண்ணன்.

"போர்ட வெட்டுனது அவருதான் அண்ணே. அம்மா பேர ஒரு கோணல் இல்லாம வெட்டுனாரு." வில்சன் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. "அதுக்கு முன்னாடி நாலு நாளு கோணலா வெட்டுனதும் அவருதான்."

பதினைந்து பேரும் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு இரண்டு நகர்ந்தது. வில்சன் குனிந்து, பொண்டாட்டி காதோரம் முணுமுணுத்தார்: "எந்தப் பக்கம் தடவணும்? இன்னொரு தடவ காட்டு."

"சத்தமா கேளு மாப்ள" என்றார் அடைக்கலராஜ். "ஃபாதருக்குக் கேக்கல."