ஒரு பக்கம் இறுக்கிய கண்ணாடி

அருளப்பன் இறந்துவிட்டார். மூக்கண்டப்பள்ளி வீட்டில், இன்று காலை... மாரடைப்பு.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஓசூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர்.

2000களின் நடுவில் அந்தக் கம்பெனியில் ஒரு சைட் கிளாஸ் வெடித்தது. கொதிக்கும் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பதற்கான வட்டக் கண்ணாடி அது. ஆபரேட்டர் முனிராஜின் வலது கை வெந்துபோனது.

‘ஆபரேட்டர் கவனக்குறைவாக பிரஷரை ஏற்றிவிட்டார்’ என்றது நிர்வாகம். அதை அப்படியே செய்தியாக எழுதிய நிருபர் நான்.

மறுநாள் மதியம் பேப்பரும் கையுமாக அருளப்பன் எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

“நீங்க எழுதுனது தப்பு சார். அவன் பிரஷர ஏத்தவே இல்ல. நான்தான் போல்ட்ட டைட் வெச்சேன்.”

காலையில் கண்ணாடி ஓரம் லேசாகக் கசிந்திருக்கிறது. தொட்டியை ஆற வைத்து, புதுக் கண்ணாடி, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் வளையம் போட்டு, எதிரெதிர் போல்ட்டுகளாகச் சமமாக இறுக்க வேண்டும். உற்பத்தி நின்றுவிடும் என்று, சூட்டோடு சூடாகக் கசிந்த பக்கத்தை மட்டும் இறுக்கியிருக்கிறார்.

“அப்பவே உடைஞ்சிருக்குமே?” என்றேன்.

என் மேசைக் கண்ணாடியின் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் தீக்குச்சி ஒன்றைச் செருகினார். “இப்ப இங்க கைய ஊனுங்க பாப்போம்.”

நான் ஊன்றவில்லை.

“பயமா இருக்குல்ல? ஆனா பாருங்க, இன்னும் உடையல. அந்தக் கண்ணாடியும் ரெண்டு மணி நேரம் கம்முனுதான் இருந்துச்சு.”

கீறல் விழுந்தாலும் உடையும், சூட்டில் பச்சைத்தண்ணி பட்டாலும் உடையும், காரம் அரித்து மெலிந்தாலும் உடையும் என்றார். “ஆனா இது நான் உடைச்சது.”

“பேர் போட்டா உங்க வேலை போயிடுமே...”

“அவனுக்குக் கை போச்சு. வேலையும் போகணுமா? பேர் போட்டே எழுதுங்க சார். மொட்டையா எழுதுனா அதையும் அவன் தலையிலதான் கட்டுவாங்க.”

எழுதினேன். முனிராஜின் வேலை தங்கியது. அருளப்பனை அனுப்பிவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து, மத்திகிரியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் அவரைப் பார்த்தேன். பார்வைக்குப் புதிது போலிருந்த ஒரு வட்டக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றி, சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“ஒருக்கா இறுக்கிக் கழட்டுனது சார், இனி நம்ப முடியாது. முழுசா வெச்சா எவனாவது எடுத்து மறுபடி மாட்டிருவான்.” டீ சொன்னார்.

இன்று செய்தி சொன்னது முனிராஜ்தான். பேரிகையிலிருந்து பஸ் ஏறிவிட்டாராம். “அண்ணன் பெட்டிய நானும் தூக்கணும் சார். சோத்துக்கை சரியா மடங்காது... பீச்சாங்கைப் பக்கம் நிக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

நாளை காலை பத்து மணிக்கு அடக்கம். நானும் போகிறேன்.

போய் வாருங்கள், அருளப்பன்.