பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடித்தது

1957 முதல் காய்ச்சல் வந்த நாட்களையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். முதலில் விலாவுக்குக் கீழே குத்தும். பிறகு குளிர், காய்ச்சல். மூன்று வருடக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் சாய ஊசி போட்டு எக்ஸ்ரே எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ரெண்டு சிறுநீரகமும் அடியில ஒட்டியிருக்கும்மா, குதிரை லாடம் மாதிரி. பிறவியிலயே அப்படி."

"அறுத்துப் பிரிக்கணுமா?"

"வேணாம். ஆனா நீர் சரியா இறங்காமத் தேங்குது. தேங்குனா கல்லு சேரும், கிருமி சேரும். இப்பவே சின்னக் கல்லு ஒண்ணு இருக்கு. தண்ணி நிறையக் குடிங்க, வந்தா அடக்காதீங்க. இப்படியே விட்டா சிறுநீரகம் கெட்டுப்போயிரும்." நாட்குறிப்பைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "கோடை லீவுல மட்டும் ஒண்ணுமே வரலையே?"

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. எரியோட்டுக்கு அருகே நான் வேலை பார்த்த பள்ளியில் கழிப்பிடம் கிடையாது. ஆண் ஆசிரியர்களுக்கு ஓடைக்கரை இருந்தது. பெண்கள் நாங்கள் இரண்டே பேர். திண்டுக்கல்லில் காலை பஸ் ஏறினால், மாலை வீடு திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டோம். அதை ஒரு குறையாக நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை.

தலைமையாசிரியரிடம் பெண்கள் ஒதுங்க மறைப்பு ஒன்று வேண்டும் என்றேன்.

"இதெல்லாம் ஆபீஸ்ல வந்து பேசுற பேச்சா டீச்சர்? மேல எழுதிப் போட்டுப் பார்ப்போம்."

"எழுதுங்க சார். நான் சனிக்கிழமை கட்டிர்றேன்."

சனிக்கிழமை தென்னங்கிடுகும் மூங்கிலும் வண்டியில் வந்தன. பள்ளிக்குப் பின்னால் ஆள் வைத்துக் குழி தோண்டினேன். உடன் வேலை பார்த்த டீச்சர் என்னைவிட மூத்தவர். முணுமுணுத்துக்கொண்டே வந்து மூங்கிலைப் பிடித்தார்.

"ஊரே சிரிக்கப் போகுது டீச்சர்."

"சிரிக்கட்டும் டீச்சர். நீங்க அந்த முடிச்ச இறுக்கிப் போடுங்க."

திங்கட்கிழமை தலைமையாசிரியர் மறைப்பைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

"யாரக் கேட்டுக் கட்டுனீங்க?"

"டாக்டரக் கேட்டு சார்."

"மேல இருந்து பிரிக்கச் சொன்னா?"

"பிரிச்ச அன்னைக்கே நான் மெடிக்கல் லீவு. அஞ்சாங் கிளாஸ் அறுபது பிள்ளைகளையும் நீங்கதான் மேய்க்கணும்."

அவர் மணியடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சிறுநீரகக் கல் இன்னும் உள்ளேதான் இருந்தது. வலி இனி வராது என்று டாக்டரும் சொல்லவில்லை. முதல் மணி அடித்ததும் வகுப்பில் நின்றபடியே ஒரு செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். இரண்டாம் மணிக்கு, எல்லோரும் பார்க்க, எழுந்து பின்பக்கம் நடந்தேன்.