கம்பெனி ஃபேன்

எண்பதுகளின் செஞ்சியில் 'கம்பெனி' என்றால் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கம்பெனி வாட்ச், கம்பெனி டார்ச், கம்பெனி குக்கர். எங்கோ தூரத்திலிருந்து பெயர்த் தகடு அடித்து வந்தது. வீட்டில் இருந்தால் தெருவே எட்டிப் பார்ப்பது. மற்றதெல்லாம் லோக்கல். என் கல்யாணப் பேச்சிலும் அந்தச் சொல் நுழைந்தது: "மாப்பிளைக்கு ஒரு டேபிள் ஃபேன். கம்பெனியா இருக்கணும்."

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம். மலைப்பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை ஊர் மேல் கக்கிக்கொண்டிருந்தன. சத்திரத்தில் சீர் பரப்பியிருந்தது. நான் மணப்பெண் அறையின் கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணாக நின்றிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பாத்திரங்களைக் கவிழ்த்து, அடியில் முத்திரை தேடித் தட்டினார்கள். டங், டங். என் நெஞ்சில்தான் தட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா ஃபேனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சம்மந்தி, தகட்டையே காணோம்? இது லோக்கலாச்சே!"

"புதுசும்மா. கடைக்காரன் கம்பெனின்னுதான் குடுத்தான். போட்டுப் பாருங்க, காத்து அள்ளுது" என்றார் என் நைனா.

"காத்துக்கா கேட்டோம்? பனவிசிறியிலகூடத்தான் காத்து வருது. நாளைக்கு எங்க தெருவுல எவளாவது திருப்பிப் பாத்தா யாரு பதில் சொல்றது? இது சரியாகாம தாம்பூலத் தட்டத் தொடமாட்டோம்."

மாப்பிள்ளை தூணோரம் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே ஒரு வார்த்தை என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டு வெளியே போனார். திரும்பி வரும்வரை சத்திரத்தில் யாரும் உட்காரவில்லை.

கூடவே ஜவுளிக்கடை பாய் வந்தார். கையில், அவர் கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஃபேன். இறக்கையில் நூல்தூசி, அடித்தட்டில் துரு, முதுகில் பித்தளைத் தகடு.

"கம்பெனிதாம்மா, பாத்துக்குங்க. அந்தப் புதுச என்கிட்ட குடுத்துடுங்க. எனக்குக் காத்து வந்தா போதும்."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் தகட்டைத் துடைத்தார். படிக்கத் தெரியாதவர், எழுத்துகளை விரலால் தடவினார்.

"இது கம்பெனி" என்றார்.

சத்திரம் மூச்சு விட்டது. யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை முன்னால் வந்து பிளக்கைச் செருகினார். ஃபேன் கரகரத்துச் சுழன்றது. சட்டை நனைந்து நின்ற நைனாவைத் தாண்டி, அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எல்லாம் சரியாப்போச்சுடி. குனி, பூ வெக்கறேன்" என்றாள் அம்மா, என் பின்னால்.

காற்றுக்குக் கண் மூடியிருந்த அந்த முகத்தை விட்டு என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை.